இரண்டாம் பக்கத்தில் ஒரு இடம்

எங்கள் ஆபீஸ் ஜீப் டிரைவரின் தாயார் இறந்துபோனபோது, செக்‌ஷனிலிருந்து நாங்கள் சிலர் கீழ்பென்னாத்தூர் பக்கம் இருந்த அவர் கிராமத்துக்கு பஸ் பிடித்துப் போனோம். பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி வட்டமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். மாலையைப் போட்டுவிட்டு ஓரமாகப் போய் நின்றோம். கூட வந்திருந்த ஆபீஸ் அக்கா என் காதருகே குனிந்தார்.

"பெரிய மருமக அழுவறாங்களே, கொஞ்சம் ஜாஸ்தி."

நான் கேட்காததுபோல நின்றேன்.

"சின்னவங்க நல்லா அழுவறாங்க. ஆனா ஆளுங்க வந்து நின்னதும் குரலைத் தூக்கறாங்க பாரு, அது வேணாம்."

எனக்குக் கூசிவிட்டது. செத்த வீட்டில் இதென்ன பேச்சு என்று திரும்பிப் பார்த்தேன். அக்காவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட இல்லை. அவர் மனசு ஒரு பக்கம் அந்தப் பெண்களோடு சேர்ந்து அழுதுகொண்டிருந்தது. காது மட்டும் தன்பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் காதை அவரால் ஒருநாளும் நிறுத்திவைக்க முடிந்ததில்லை.

மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலை தலைநகரமானபோது என்னை வேலூரிலிருந்து டைப்பிஸ்டாக இங்கே மாற்றினார்கள். அடுத்த நாற்காலியில் அக்கா அசிஸ்டென்டாக இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஒல்லியான உடம்பு, பெரிய மூக்குக் கண்ணாடி, எப்போதும் காட்டன் புடவை. ஆபீஸில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் அக்காதான். எதைப் பற்றிக் கேட்டாலும் 'ஜாஸ்தி', 'கம்மி' என்ற இரண்டு சொற்களில் ஒன்றைச் சொல்வார். கேன்டீன் சாம்பாருக்கும் அதுதான், அதிகாரியின் பிரிவு உபசாரப் பேச்சுக்கும் அதுதான். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிடுவார். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் கேன்டீன்காரர் அன்றைக்கு முழுக்க சந்தோஷமாக இருப்பார்.

அவர் பாடுவார் என்பதே எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் அவர் சொல்லவில்லை. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் அவர்கள் வீடு. மாடி அறையை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். முதல்முறை நான் அங்கே போனபோது அவர் வீட்டுக்காரர், பாங்கில் வேலை பார்த்த சார், டீயோடு ஒரு கேசட்டையும் கொண்டுவந்தார். அட்டையில் ஒரு பஸ் ஸ்டாண்டு படம். பாடியவர் என்று அக்காவின் பெயர்.

"நம்ம வீட்டம்மா பாடினது. கேளுங்க," என்று டூ-இன்-ஒன்னில் போட்டார்.

அது சினிமாப் பாட்டும் இல்லை, சாமி பாட்டும் இல்லை. வேண்டுமென்றே பஸ்ஸைத் தவறவிடுகிற ஒரு பெண்ணின் பாட்டு. கீபோர்டும், டக் டக்கென்று மெஷின் தாளமும், நடுவில் ஒரு விசிலும், ஒரு சிரிப்பும் வந்தன. மெட்ராஸில் கல்லூரியில் படித்தபோது கூடப் படித்த ஒருவர் மெட்டுப் போட்டு, ஒரு சின்னக் கம்பெனி வெளியிட்டது. பக்கத்துக்கு ஒரு பாட்டு. இது விற்றால் முழு கேசட் போடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். விற்கவில்லை. கம்பெனியும் மூடிப்போயிற்று.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது அக்கா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். யாரோ பாடுவதைக் கேட்பதுபோல முகத்தைச் சாய்த்துக் கேட்டார். சார் கடைக்குப் போனதும் என்னிடம் சொன்னார்.

"நடுவுல அந்தப் பொண்ணு சிரிக்குது இல்ல, அது பொய். பஸ் ஸ்டாண்டுல தனியா நிக்கற எந்தப் பொண்ணும் அப்படி சிரிக்காது. சிரிக்கச் சொன்னாங்க, சிரிச்சா."

'அந்தப் பொண்ணு' என்றுதான் சொல்வார். நான் என்று ஒருமுறைகூட சொன்னதில்லை.

"எனக்கு நல்லாதான் இருந்துச்சுக்கா," என்றேன்.

"மெட்டு நல்லாருக்குது. ரெண்டாவது சரணத்துக்கு முன்னால மூச்சு விடற சத்தம் கேக்கும், அதை வெட்டாம விட்டாங்க, அது நல்லது. ஆனா அந்த வருஷம் ஹாஸ்டல்ல ஒரு வெள்ளக்காரப் பாடகியோட கேசட் ரூம் ரூமா சுத்திட்டிருந்துச்சு. வார்த்தையோட கடைசியை அவங்க வாய்க்குள்ளயே முழுங்கிடுவாங்க. இந்தப் பொண்ணு அதை அப்படியே எடுத்துக்கிச்சு. தமிழ்ல கடைசி எழுத்தை முழுங்கினா அப்புறம் என்ன மிஞ்சும்?"

தன் முதல் பாட்டைப் பற்றி ஒருவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. ஃபைலில் குறிப்பு எழுதுவதுபோலச் சொன்னார்.

இரண்டாவது பக்கத்தை சார் யாருக்கும் போட்டுக் காட்டமாட்டார். அவருக்கு அது புரியவில்லை. "அது கொஞ்சம் சோகமா இருக்கும், வேணாம்," என்பார். எனக்கு அதை அக்காதான் போட்டார். ஒரு மழைநாளில் ஆபீஸ் சீக்கிரம் விட்டு, நனைந்துகொண்டே அவர் வீட்டுக்குப் போய்த் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது, ஏதோ நினைத்துக்கொண்டவர்போல எழுந்துபோய் கேசட்டைத் திருப்பிப் போட்டார்.

அந்தப் பாட்டு அவரே எழுதி அவரே மெட்டுப் போட்டது. மறுபக்கத்தை எதையாவது வைத்து நிரப்பவேண்டும் என்று ஸ்டுடியோவில் சொன்னார்களாம். மிச்சமிருந்த நேரத்தில் பாடியது. வெளியூருக்கு ட்ரங்க் கால் பேசுகிற ஒரு பெண். தாளம் கிடையாது. ஆர்மோனியத்தில் ஒரே சுரம் நிற்க, அதன்மேல் அக்காவின் குரல். கொஞ்சநேரத்தில் அந்தக் குரல்மேல் இன்னொரு குரல், அதுவும் அவருடையதே, தூரத்தில் முனகுகிறது. "ஹலோ... இங்க மழை... அங்க?" என்று கேட்கிறாள். பதில் இல்லை. வீட்டு விஷயமெல்லாம் சொல்கிறாள். பால்காரர் மாறிவிட்டார், மாடியில் ஒழுகுகிறது என்று. பிறகு, "கேக்குதா?" என்கிறாள். அந்த இடத்தில் தூரத்துக் குரல் சட்டென்று நின்றுவிடுகிறது. ஆர்மோனியமும் நிற்கிறது. "கேக்குதா" மட்டும் தனியாகத் தொங்குகிறது. செத்துப்போன என் அப்பா நினைவுக்கு வந்தார்.

"ஒரு இடம் இருக்குது, இல்ல?" என்றார் அக்கா.

"ஆமாங்கக்கா."

"அந்த ஒரே இடம்தான். அதுக்கு முன்னால எல்லாம் அந்தப் பொண்ணு அந்த இடத்துக்குத் தயாராவறா. அதுக்கு அப்புறம், நல்லா பாடிட்டோம்னு அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. அந்தத் தெரிஞ்சது குரல்ல கேக்குது. அந்த ஒரு வார்த்தையில மட்டும் அவளுக்கு ஒண்ணுமே தெரியல."

சொல்லிவிட்டு கேசட்டை எடுத்து அதன் அட்டைக்குள் வைத்தார். அவர் முகம் அவ்வளவு மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அவர் காலம் தள்ளுகிறார் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது.

அக்காவைப் பற்றிச் சொன்னால் கேட்கிறவர்கள் உடனே, வீட்டில் பாட விட்டிருக்கமாட்டார்கள் என்பார்கள். அப்படியில்லை. மாமியார் மாமனார் தொந்தரவு இல்லை. சார் தங்கமானவர். ஆர்மோனியம் வாங்கித் தரட்டுமா, ரேடியோ ஸ்டேஷனுக்கு எழுதிப் போடட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். மாடியில் தங்கியிருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் நல்ல மைக் வைத்திருந்தார். சார் அவரிடம் பேசி ஏற்பாடு செய்தார். அக்கா மாடிக்குப் போய் ஒரு வரி பாடினார். ஹெட்போனை வாங்கி அதைக் கேட்டார். நன்றி சொல்லிவிட்டுக் கீழே இறங்கி வந்து அரிசி களைய ஆரம்பித்துவிட்டார். "ஜாஸ்தியா, கம்மியா?" என்று சார் விளையாட்டாகக் கேட்டதற்கு, "ரெண்டும்," என்றாராம்.

மெட்டுப் போட்ட அந்த மெட்ராஸ் நண்பர் ஒரு பௌர்ணமிக்கு கிரிவலம் வந்தார். மலையைச் சுற்றிவிட்டு காலையில் இவர்கள் வீட்டுக்கு வந்து, கொப்புளம் போட்ட பாதங்களை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தபடி பேசிக்கொண்டிருந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை, நானும் இருந்தேன். விளம்பரப் படங்களுக்கு இசை போட்டு நல்ல நிலைமைக்கு வந்திருந்தார்.

"அந்த ரெண்டாவது பக்கம் இருக்குதே, அது போல இருக்கறதை இப்ப தேடித் தேடிக் கேக்கற பசங்க இருக்காங்க. அந்த மாதிரியே ஒரு முழு ஆல்பம் பண்ணலாம். ஸ்டுடியோ என்னோடது. நீ வந்தா போதும்," என்றார்.

அக்கா, "அதுல எது நல்லாருக்குது?" என்று கேட்டார்.

"எல்லாமே."

"எல்லாமேன்னா?"

"முழுசும் ஒரு மூடு இருக்குது இல்ல, அது."

அக்கா தலையை ஆட்டிவிட்டு தோசை ஊற்றப் போய்விட்டார். சார் பின்னாலேயே போய், "லீவு போட்டுட்டுப் போயேன். நம்ம பாப்பாவை நான் பாத்துக்கறேன்," என்று கெஞ்சினார். கல்லில் மாவைத் தேய்த்தபடி அக்கா சொன்னார்.

"எது நல்லாருக்குதுன்னு தெரியாதவரோட எப்படிங்க போய்ப் பாடறது?"

நண்பர் கிளம்பிய பிறகு என்னிடம் மட்டும் வேறு மாதிரி சொன்னார். "போனா அந்தப் பொண்ணு மாதிரி பாடணும்னுதான் நிப்பேன். அவளும் வரமாட்டா. நானும் நானா இருக்கமாட்டேன். எதுக்கு?" நான் ஏதாவது ஆறுதல் சொன்னால் அதையும் எடைபோட்டுவிடுவார் என்று பயந்து தட்டுகளை எடுத்துக் கழுவப் போட்டேன்.

பாப்பா அவர்களுடைய ஒரே பெண். ஐந்தாம் வகுப்பு படித்தபோது பள்ளி ஆண்டு விழாவில் தனியாக ஒரு பாட்டுப் பாடினாள். நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். பாடி முடித்து, முகமெல்லாம் பவுடரும் உதட்டில் சாயமுமாக மேடையிலிருந்து ஓடிவந்தாள். சார் அவளைத் தூக்கிக்கொண்டு பிரமாதம் என்றார். அவள் அப்பாவைப் பார்க்கவே இல்லை.

"எப்படிம்மா இருந்துச்சு?"

அக்கா குனிந்து அவள் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டார். பெரியவர்களிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னார்.

"முதல் வரி நல்லா இருந்துச்சு. அப்புறம் மிஸ்ஸைப் பாத்துப் பாத்துப் பாடின. மேல போற இடத்துல சுதி கம்மி. நீ அங்க போவணும்னு நினைக்கல, போவச் சொன்னாங்கன்னு போன."

பாப்பா சரி என்று தலையாட்டினாள். அழவில்லை. புறங்கையால் உதட்டுச் சாயத்தை அழித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் பாடி நாங்கள் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் ஆபீஸில் நான் சண்டை போட்டேன். "அக்கா, அது குழந்தை. நல்லாருக்குன்னு சொன்னா என்ன குறைஞ்சுபோச்சு?"

"சொல்லிருக்கலாம். அப்புறம் நெஜமாவே நல்லா பாடற அன்னிக்கு நான் சொல்றதை எப்படி நம்புவா?"

ஆனால் அந்த வருஷக் கடைசியில் ஒருநாள் டீ குடிக்கும்போது, சம்பந்தமே இல்லாமல், "குளிக்கறப்பகூட பாட மாட்டேங்கறா. கதவுக்கு வெளிய நின்னு பாத்துட்டேன்," என்றார். தன் காது என்ன செய்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தேதான் இருந்தது. ஆனால் அதை வேறுமாதிரி வைத்துக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை.

பிறகு ஆபீஸில் கம்ப்யூட்டர் வந்தது. என் டைப்ரைட்டரை மூலையில் போட்டார்கள். பாப்பா பெங்களூரில் கல்லூரியில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அந்தக் கோடையில் அக்கா திடீரென்று லீவு போட்டார். ஜுரம் என்று நினைத்தோம். லீவு நீண்டுகொண்டே போகவும் ஒரு மத்தியானம் பார்த்துவரப் போனேன்.

சார் வாசலிலேயே நின்றிருந்தார். "உள்ள போங்கம்மா. என்கிட்ட பேச மாட்டேங்கறாங்க," என்றார். அவர் கண் சிவந்திருந்தது.

உள்ளே எல்லா சன்னலும் சாத்தியிருந்தன. அந்த வெயிலிலும் மின்விசிறி ஓடவில்லை. அக்கா தரையில் டூ-இன்-ஒன் முன்னால் உட்கார்ந்திருந்தார். புடவை முதுகோடு வியர்வையில் ஒட்டியிருந்தது.

"ஃபேன் சத்தம் பதிவாவுது," என்றார் என்னைப் பார்த்து.

"என்னக்கா பதியறீங்க?"

கேசட்டை வெளியே எடுத்துக் காட்டினார். அந்தக் கேசட்தான். அதன்மேல் யாரும் எதையும் பதிந்துவிடாமல் இருக்க மேல்விளிம்பில் இரண்டு ஓட்டைகள் இருக்கும். அவற்றின்மேல் செல்லோ டேப் ஒட்டியிருந்தது. அப்படி அடைத்தால் மறுபடி பதியலாம்.

அவர் நிதானமாகத்தான் சொன்னார். அந்தப் பாட்டில் அந்த ஒரு வார்த்தையைத் தவிர மற்ற எல்லாம் தப்பு என்று இவ்வளவு வருஷமாக அவருக்குத் தெரியும். இப்போது பாப்பாவும் வீட்டில் இல்லை. அந்த வார்த்தையை மட்டும் அப்படியே விட்டுவிட்டு, அதற்கு முன்னாலும் பின்னாலும் இருப்பதைத் திரும்பப் பாடி அதே நாடாவில் பதிந்துவிட்டால் பாட்டு முழுசாகச் சரியாகிவிடும் என்று நினைத்திருக்கிறார்.

"வேற கேசட்ல பண்ணிருக்கலாமேக்கா."

"அந்த வார்த்தை இதுலதானே இருக்குது."

முதலில் நன்றாகத்தான் வந்ததாம். முன்பகுதியைப் பாடிக்கொண்டே போய், அந்த இடம் வருவதற்கு முன் பட்டனை நிறுத்தவேண்டும். பாட்டில் மூழ்கிவிட்டார்.

"வெரல் கொஞ்சம் லேட்டு," என்றார்.

போட்டுக் காட்டினார். கரகரவென்ற சத்தத்துக்குப் பின்னால் நாற்பது தாண்டிய ஒரு பெண்ணின் குரல், ஆர்மோனியம் இல்லாமல், வறண்டு வந்தது. "இங்க மழை... அங்க?" நன்றாகத்தான் இருந்தது, சத்தியமாக. பிறகு அதே வறண்ட குரல் "கேக்கு" என்றது. டக்கென்று ஒரு சத்தம். "தா" என்று ஒரு சின்னப் பெண் எங்கிருந்தோ சொன்னாள். அந்த வார்த்தையில் அவ்வளவுதான் மிஞ்சியிருந்தது. பின்பகுதி பதியப்படாமல் பழையபடியே ஓடியது.

அக்கா அதை நிறுத்தவில்லை. பாட்டு முடியும்வரை கேட்டார். என்ன நினைக்கிறார் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜாஸ்தி என்பார், கம்மி என்பார், ஏதாவது ஒன்றைச் சொல்வார் என்று காத்திருந்தேன். எழுந்து போய் சன்னல்களைத் திறந்தார். மின்விசிறியைப் போட்டார்.

"சாப்டியா?" என்று கேட்டார்.

சார் வேறு பிரதி தேடி மெட்ராஸுக்குப் போய் அலைந்தார். நண்பர் வீடு மாற்றியபோது பழைய டேப்புகளையெல்லாம் தூக்கிப் போட்டிருந்தார். கம்பெனி இருந்த இடத்தில் செல்போன் கடை. கல்யாணமான புதிதில் வேலூர் உறவினர் ஒருவருக்குக் கொடுத்தது ஞாபகம் வந்து அங்கேயும் போனார். அட்டை கிடைத்தது, உள்ளே வேறு கேசட் இருந்தது. ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு திரும்பி வந்து அக்காவின் முன்னால் தப்பு செய்தவர்போல நிற்பார். "பரவால்லைங்க. கை கால் கழுவிட்டு வாங்க," என்பார் அக்கா.

லீவு முடிந்து வேலைக்கு வந்தார். வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கேன்டீன் சாம்பாரில் உப்பு அள்ளிப் போட்டிருந்த ஒருநாள், நாங்கள் எல்லோரும் தட்டைத் தள்ளியபோது, அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "எப்படிம்மா இருக்குது?" என்று கேன்டீன்காரர் பயந்துகொண்டே கேட்டார். "நல்லாருக்குதுங்க," என்றார் அக்கா. அதற்குப் பிறகு எல்லாமே நல்லாருக்குதுதான். புது அதிகாரியின் பேச்சு நல்லாருக்குது, என் மோசமான புடவை நல்லாருக்குது, பக்கத்துக் கடையில் அலறுகிற பாட்டு நல்லாருக்குது. ஆபீஸில், அக்கா இப்போதெல்லாம் எவ்வளவு இனிமையாகப் பேசுகிறார் என்று பாராட்டினார்கள். எனக்கு மட்டும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, ஆள் காலிசெய்துகொண்டு போன வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பதுபோல இருந்தது.

பாப்பாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. பெங்களூர் மாப்பிள்ளை, கூட வேலை பார்ப்பவர். மண்டபம் இங்கேதான். மாலை வரவேற்பில் கச்சேரி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் நண்பர்கள், பெண் பாடவேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள். அவள் மாட்டேன் என்று கையை ஆட்டினாள். விடவில்லை. மைக்கைக் கையில் திணித்தார்கள்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு வரி பாடினாள். அந்தக் குரலை எத்தனையோ வருஷம் கழித்துக் கேட்டேன். கொஞ்சம் கரடுமுரடாக, ஆனால் அக்காவின் குரல்போலவே இருந்தது. மேலே போகிற இடத்தில் சுதி நழுவியது. அவளுக்கும் அது தெரிந்தது. அங்கேயே நிறுத்திவிட்டு, கண்ணைத் திறந்து முன்வரிசையில் இருந்த அம்மாவைப் பார்த்தாள். மைக் இன்னும் கையில்தான் இருந்தது.

"எப்படிம்மா?"

மண்டபம் முழுக்கக் கேட்டது.

"ரொம்ப நல்லாருக்குதும்மா," என்றார் அக்கா. எல்லோரும் கைதட்டினார்கள். சாரும் தட்டினார். அக்காவும் தட்டினார்.

கொஞ்சநேரம் கழித்துப் படமெடுப்பவர்களிடம் ஏதோ சொல்லிவிட்டு, கழுத்து மாலையோடு பாப்பா மேடையை விட்டு இறங்கி என்னிடம் வந்தாள். நான் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நின்றிருந்தேன்.

"ஆன்ட்டி, அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லையேம்மா. சந்தோஷத்துல இருக்காங்க."

"இல்ல ஆன்ட்டி. நான் மேல போனப்ப தப்பாப் போயிடுச்சு. எனக்கே தெரிஞ்சுது. அம்மா அதைச் சொல்லவே இல்ல." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மருதாணிக் கை, ஐஸாகச் சில்லிட்டிருந்தது. "திட்டுவாங்கன்னு நம்பித்தான் பாடினேன்."

கூடத்துக்கு அந்தப் பக்கம் அக்கா தாம்பூலப் பைகளை எடுத்து விருந்தாளிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். மேடையில் யாரோ ஒருவர் தாளம் தப்பிப் பாடிக்கொண்டிருந்தார். அக்கா அதற்கேற்றாற்போலத் தலையை ஆட்டிக்கொண்டு, எங்களைப் பார்த்ததும் சிரித்து, சாப்பிட்டாயிற்றா என்று சைகையால் கேட்டார்.

போட்டோக்காரர் இரண்டு தடவை வந்து கூப்பிட்டார். பாப்பா என் கையை விடாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.